நகத்தால் கிள்ளும் வேலை

விழாத் தலைவர் அவர்களே, தொழிற்கூட உரிமையாளர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பாலிடெக்னிக் முதல்வர் ஐயா அவர்களே, ஷிப்ட் முடித்து எண்ணெய்ச் சட்டையோடு வந்திருக்கும் தம்பிகளே, எல்லோருக்கும் வணக்கமுங்க. பொன்னாடை போர்த்திய அண்ணனுக்குத் தனி நன்றி. எனக்கு மைக்ரோமீட்டர் பிடிக்கக் கற்றுக்கொடுத்த கை அது.

கார் தொழிலில் தரம் உயர மூன்று வேண்டும்: கேட்கிற காது, நிறுத்துகிற உரிமை, கற்கிற நேரம். நகத்தால் கிள்ளுவதைக் கோடாலி கொண்டு வெட்டுவானேன்?

டொயோட்டா கார் ஒரு தறிக் குடும்பத்தில் பிறந்தது. விசைத்தறி ஓடும் சோமனூர், பல்லடம்காரர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். சகிச்சி டொயோடா 1924-இல் செய்து முடித்த தானியங்கித் தறி, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். அந்தப் புத்திதான் பின்னால் கார் ஆலைக்கும் போனது. தப்பைக் கண்ட தொழிலாளி கயிற்றை இழுப்பார், விளக்கு எரியும், குழுத்தலைவர் ஓடி வருவார். கார் நகர்ந்து குறித்த இடத்தை எட்டுவதற்குள் சரியாகாவிட்டால் உற்பத்தி வரிசையே நிற்கும்.

நம் பக்கம் என்ன நடந்தது? நான் சூப்பர்வைசராக இருந்த பட்டறையில் பிரேக் சிலிண்டருக்குத் துளை போட்டுக்கொண்டிருந்தோம். துளையின் அளவைச் சோதிக்கும் பிளக் கேஜில் 'கோ' முனை உள்ளே போக வேண்டும், 'நோ-கோ' முனை போகவே கூடாது. அப்ரண்டிஸாக வந்த பையன் காலை பத்து மணிக்கே பார்த்துவிட்டான், நோ-கோ வழுக்கிக்கொண்டு உள்ளே போகிறது. ஆஃப்செட், அதாவது மெஷினில் வெட்டுக்கருவிக்குக் கொடுக்கிற அளவுத் திருத்தம், தப்பு. வாய் திறக்கவில்லை. சாயங்காலம் பார்த்தால் முந்நூறு உருப்படிக்கு மேல் துளை பெரிதாகிக் கிடக்கிறது. பெரிதான துளையை யார் சிறிதாக்குவது? அத்தனையும் ஸ்கிராப். கேட்டதற்குச் சொன்னான்: "நேத்து மெஷினை நிறுத்துன அண்ணனைத் திட்டுனீங்களுங்க, அதான் பயந்துட்டனுங்க." திட்டியவன் நான்தான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. நகத்தால் கிள்ளியிருக்க வேண்டியதைக் கோடாலியாக்கியது என் வாய்.

அதனால்தான் ஊர் ஊராகப் போய்க் கேட்கிறேன்: வாரம் ஒரு மணி நேரம், சம்பளத்தோடு, மெஷினை நிறுத்திவிட்டுப் படிக்க விடுங்கள். அந்த வாரம் கழித்த உருப்படியை மேசையில் வைத்து, ஏன், ஏன் என்று எல்லோரும் கேட்கட்டும். குற்றவாளியைத் தேட வேண்டாம். காண்ட்ராக்ட் ஆட்களையும் உட்கார வையுங்கள். வேலைக் குறிப்பைத் தமிழில் ஒட்டுங்கள், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகளுக்கு அவர்கள் மொழியிலும் ஒட்டுங்கள். உற்பத்தி குறையும் என்கிறார் விழாத் தலைவர் அவர்கள். ஐயா மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அந்த முந்நூறு உருப்படியையும் கணக்கில் சேர்த்துப் பார்க்கும்படி அவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று மட்டும் எழுதுங்கள். முதல் வாரம் கேஜ் பெட்டியோடு நானே வருகிறேனுங்க.