கட்டில் ஓரத்துக்கு வாங்க

வானொலி நேயர்களுக்கு வணக்கம். நான் பினாங்கில் ஒரு மருத்துவமனையில் 19 வருடமாக ஸ்கேன் எடுக்கிறேன். வயிற்றில் ஜெல் தடவி, கருவியை வைத்து அழுத்தி, திரையில் குழந்தையைக் காட்டுவோமே, அந்த வேலை.

"ஏசி அறையில் உட்கார்ந்து செய்கிற வேலை, இதில் என்ன வலி?" என் மாமியாரே கேட்டிருக்கிறார். சரி, நீங்களே பாருங்கள். வண்டி ஓட்டுகிறவர்கள் வேண்டாம், மற்றவர்கள் வலது கையைப் பக்கவாட்டில் தூக்கி, வழுக்குகிற சோப்புக்கட்டியைப் பிடிப்பது மாதிரி விரல்களை இறுக்கி, கழுத்தை இடது பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். நான் பேசி முடிக்கிற வரை இறக்கக் கூடாது.

கருவியின் எடை ஒன்றுமே இல்லை. கை அந்தரத்தில் நிற்பதுதான் வம்பு. விடாமல் இறுகியிருக்கிற தசைக்குள் இரத்தம் சரியாகப் பாயாது. பருமனான உடம்பென்றால் நன்றாக அமுக்கினால்தான் படம் தெளியும். மணிக்கட்டை மடக்கியபடி அமுக்கினால் நரம்பு நெருங்கி விரல் மரத்துப்போகும். வெளிநாட்டுக் கணக்கெடுப்புகளில் எங்களில் 100க்கு 80 பேருக்கு மேல் வலியோடுதான் வேலை செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

எனக்கு இது உறைத்தது ஒரு தைப்பூசத்தில். ரதம் வருகிற பாதையில் தேங்காய் உடைக்கிறோம், பினாங்குத் தேங்காய்க் குவியலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா என்ன, தம்பி ஒரு காயைக் கொடுத்து "அடிங்கக்கா" என்றான். கை காதுக்கு மேலே போகவில்லை. தோளுக்குள் ஏதோ சுருக்கென்று பிடித்தது. காய் நழுவி உருண்டு, பக்கத்தில் ஒரு சீனப் பாட்டியின் குவியலில் போய் நின்றது. அவர் அதை எடுத்து ஓங்கி அடித்தார் பாருங்கள், சுக்குநூறு! கூட்டமே சிரித்தது, நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து தலை பின்ன முடியாமல் அழுதேன்.

அதற்குப் பிறகுதான் கட்டிலை உயர்த்தவும், முழங்கைக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைக்கவும், வயரைத் தொங்கவிடாமல் தோளில் போட்டுக்கொள்ளவும் பழகினேன். ஆனால் முதல் மருந்து உங்களிடம் இருக்கிறது. "அம்மா, ஓரத்துக்கு வாங்க" என்றால் ஒரு விரற்கடை நகர்வீர்கள். விழுந்துவிடுவோமோ என்று பயம், கொஞ்சம் கூச்சம். விழ மாட்டீர்கள், நான் இருக்கிறேன். ஒரு சாண் நகர்ந்து வாருங்கள், என் கை ஒரு சாண் குறைவாக நீட்டும். மறுபடியும் சொல்கிறேன், ஒரு சாண்.

நேரம் முடிகிறது என்று ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டிவிட்டார்கள். சொக்சோ, அதாவது மலேசியத் தொழிலாளர்களின் சமூகப் பாதுகாப்பு நிறுவனம், அதைப் பற்றிச் சொல்ல நிறைய வைத்திருந்தேன். வேலையால் வந்த வலிக்கும் அங்கே மனு செய்யலாம், டாக்டரிடம் தோளை மட்டும் காட்டாமல் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள், அவ்வளவுதான் நேரம்.

சோப்புக்கட்டி பிடித்தவர்கள் கையை இறக்கலாம். வணக்கம்.