சொல்லுக்கு வழிவிடும் இசை

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஏப்ரல் மாதம் பிறந்தால் சிங்கப்பூரில் தமிழ்மொழி விழா களைகட்டிவிடும். பெரிய மேடைகளைப் பற்றிப் பலரும் பேசுவார்கள் என்பதால், அண்மையில் ஒரு சமூக மன்றத்தில், அடுக்குமாடிக் குடியிருப்புவாசிகளே கூடி நடத்திய கவிதை, இசை இரவைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

அங்கே கவிஞர்கள் முதலில் வாசித்தார்கள். பின்னர் அதே கவிதைகளை இசைக்கலைஞர்கள் பாடினார்கள். கவியரங்க மரபுப்படி ஒவ்வோர் அடியும் இருமுறை சொல்லப்பட்டபோது, இரண்டாம் முறை, அடியின் இறுதியில் ஒலி ஒத்துவரும் இயைபுச் சொல்லைக் கவிஞருக்கு முன்பாகவே அவையினர் சொல்லிவிட்டதைக் கேட்க அத்தனை மகிழ்ச்சியாக இருந்தது.

பாடும் பகுதியில்தான் எனக்கு ஒரு மனக்குறை. எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தில் அமைந்த சில பாடல்களில், மெட்டை நிரப்புவதற்காகச் சொற்கள் பொருள் சிதையும்படி பிரிக்கப்பட்டன. இரவுப்பணி முடித்து முதல் ரயிலில் வீடு திரும்பும் தாதி ஒருவர் எழுதிய கவிதையைப் பாடகி விருத்தமாக, அதாவது சொற்களை ராகத்தில் மட்டும் விரித்து, பாடத் தொடங்கியதும் அரங்கின் நிலையே மாறிவிட்டது. விருத்தத்துக்குத் தாளக்கட்டு இல்லை என்பதால், மிருதங்கக் கலைஞர் வலப்பக்கத் தோலான வலந்தலையின் மேல் உள்ளங்கையை வைத்து அதிர்வை அடக்கிவிட்டு அமைதியாக அமர்ந்திருந்தார். பாடகி சகானா ராகத்தில் தொடங்கி, ‘பிள்ளை எழும்முன் கதவைத் திறப்பேன்’ என்ற அடிக்கு வந்ததும் சுபபந்துவராளி ராகத்துக்கு மாறினார். அவர் நிறுத்திய இடங்களில் மட்டும் வயலின் அந்த அடியை வாங்கி வாசித்தது. யாப்பில் அடங்காத புதுக்கவிதைதான். ஆயினும் ஒரு சொல்கூடச் சிதையவில்லை.

பாடுவதற்கென்றே கவிதை எழுதும் வழக்கம் இந்த ஊருக்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்துச் சதாசிவ பண்டிதரின் ‘சிங்கைநகர் அந்தாதி’ 1887ஆம் ஆண்டிலேயே இங்கு அச்சேறியது. ஒரு செய்யுளின் முடிவிலிருந்தே அடுத்த செய்யுள் தொடங்குவதால், அந்தாதியை ஏட்டைப் பாராமலேயே தொடர்ந்து பாடலாம்.

ஆகவே, இத்தகைய இரவுகளை ஏற்பாடு செய்யும் அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். விருத்தத்துக்குத் தாராளமாக இடம் கொடுங்கள். கவிதைகளை நிகழ்ச்சிக்கு முதல்நாள் கைப்பேசியில் அனுப்பாமல், சில வாரங்களுக்கு முன்பே பாடகரிடம் சேர்த்துவிடுங்கள். கவிஞரையும் பாடகரையும் ஒருமுறையாவது நேரில் சந்திக்க வையுங்கள். எந்தச் சொல்லில் நிற்க வேண்டும் என்பதை எழுதியவரே அங்கு சொல்லிவிடுவார்.

நன்றி, வணக்கம்.