வண்டி கிளம்புமுன் வரைய வேண்டிய படம்

அவையோருக்கு வணக்கம். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் பஞ்சுப் பொதிகளையும் வெடிமருந்தையும் ஒருசேர ஏற்றி நின்ற ஃபோர்ட் ஸ்டிகின் கப்பல் வெடித்ததில், தீயை அணைக்கச் சென்ற வீரர்கள் பலர் உயிரிழந்தனர். அவர்கள் நினைவாகவே ஆண்டுதோறும் தீத்தொண்டு வாரத்தைக் கடைப்பிடிக்கிறோம். ஒரு கட்டடத்துக்குள் என்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது என்பதை அது எரியத் தொடங்குமுன் அறிந்து வைப்பது குறித்துப் பேச இந்த வாரமே பொருத்தம்.

2017 மே 31 அதிகாலையில் சென்னை தியாகராய நகரில் தி சென்னை சில்க்ஸ் கடையில் பற்றிய தீ அன்று முழுவதும் அடங்கவில்லை. புகை சூழ்ந்து உள்ளே நுழைய முடியாத நிலையில் சுவர்களை உடைத்துத் தண்ணீர் பாய்ச்ச வேண்டியிருந்தது. மறுநாள் அதிகாலையில் கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்தது. நம் ஊர்க் கடைத்தெருக்களிலும் முகப்பு முழுவதையும் விளம்பரப் பலகையால் மூடிய கட்டடங்களே மிகுதி. அந்தப் பலகைக்குப் பின்னால் சன்னல் உண்டா, எந்தச் சுவரை உடைத்தால் படிக்கட்டை அடையலாம் என்பதைத் தீ எரியும்போது யாரிடம் கேட்பது?

தீயணைப்புத் துறை தரும் தடையின்மைச் சான்றுக்கான கோப்பில் வரைபடம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, அலுவலக அலமாரியில். அதுவும் சான்று வாங்கிய நாளின் கட்டடத்தைத்தான் காட்டும். நான் வலியுறுத்துவது, அந்தப் பகுதிக்கு முதலில் வந்து சேரும் நிலையத்தின் வீரர்களே, பணி குறைந்த ஒரு பிற்பகலில் நேரில் நடந்து பார்த்து வரைந்து, வண்டியிலேயே வைத்திருக்கும் ஒற்றைத் தாளை. மெயின் சுவிட்ச், ஜெனரேட்டருக்கான டீசல், சமையல் எரிவாயு உருளைகள், அடித்தளத்துக்கு இறங்கும் வழி, இரவில் சாவி வைத்திருப்பவர் ஆகிய விவரங்கள் அதில் இருந்தால் போதும்.

தண்ணீரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 4,500 லிட்டர் கொள்ளும் வண்டியிலிருந்து ஒரே குழாய் வழியாக நிமிடத்துக்கு 450 லிட்டர் பாய்ச்சினாலும் பத்து நிமிடத்தில் தொட்டி வற்றிவிடும். அதற்குள் அடுத்த நீராதாரம் கிடைத்தாக வேண்டும். கட்டடத்தின் நிலத்தடித் தொட்டி எத்தனை லிட்டர் கொள்ளும் என்பதோடு, அதன் மூடிமேல் இருசக்கர வாகனங்களை நிறுத்தியிருக்கிறார்களா, உறிஞ்சு குழாய் அங்குவரை எட்டுமா என்பதையும் இறக்கிப் பார்த்தே குறிக்க வேண்டும்.

ஆட்களின் எண்ணிக்கை வேளைக்கு வேளை மாறும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் மாண்டது வகுப்பு நடக்கும் காலை நேரத்தில். திருமண மண்டபமோ முகூர்த்த நாளில் நிரம்பி வழிந்து மறுநாள் காலியாகக் கிடக்கும். ஆகவே எந்நேரத்தில் எந்த மாடியில் எத்தனை பேர், அவர்களில் நடக்க இயலாதவர் எவர் என்பதும் தாளில் ஏற வேண்டும்.

உரிமையாளர்கள் ஒளிக்காமல் காட்டுவார்களா என்ற ஐயம் நியாயமானதே. அபராதத்துக்கு அஞ்சி, மொட்டைமாடியில் போட்ட தகரக் கொட்டகையைப் பூட்டிவிடுவார்கள். ஆதலால் இந்தப் பார்வையைச் சோதனையிலிருந்து பிரித்து வைப்பதே நல்லது என்பது என் கருத்து. கூடவே இரவுக் காவலாளியிடமும் பேச வேண்டும். எந்தக் கதவு உண்மையில் திறக்கும் என்பது பெரும்பாலும் அவருக்குத்தான் தெரியும்.

வரைந்த தாளை ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒத்திகையில் சரிபார்க்க வேண்டும். அந்த ஒத்திகையை ஞாயிறு காலையில் வைத்தால் வண்டி தடையின்றி வந்து நிற்கும். தீபாவளிக்கு முந்தைய மாலையொன்றில், கடை திறந்திருக்கும்போதே நடத்திப் பாருங்கள்.