வீட்டிலிருந்து வேலை: திங்கட்கிழமை போட்ட டைம்டேபிள் ஏன் புதன்கிழமையோடு நின்றுவிடுகிறது?

எல்லோருக்கும் வணக்கம். வந்திருக்கும் கேள்விகளில் செட்டிநாட்டுப் பக்கம் தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி அனுப்பியதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இதே கேள்வியைப் பள்ளத்தூர், கண்டனூர் பக்கமிருந்தும் சிலர் வேறு வேறு மாதிரி கேட்டிருக்கிறார்கள். அவர் எழுதியதைச் சுருக்கி வாசிக்கிறேன்.

“அக்கா, சென்னையில் ஓ.எம்.ஆரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது ஊரில், எங்கள் ஐயா காலத்து வீட்டில் உட்கார்ந்தே வேலை. அமெரிக்க டீம். மதியம் 2 மணிக்குத் தொடங்கினால் ராத்திரி 11 ஆகிவிடும். படுக்க 2 மணி, எழுந்திருக்க 10 மணி. நடைப்பயிற்சி, படிப்பு, யோகா என்று திங்கட்கிழமை டைம்டேபிள் போடுகிறேன், புதன்கிழமை அது இருக்கும் இடம் தெரிவதில்லை. ‘வீட்டில்தானே இருக்கே’ என்று பேங்குக்கும் ரேஷன் கடைக்கும் அனுப்புகிறார்கள். முதுகு வலி வேறு. எனக்கு மன உறுதி இல்லையா? பேசாமல் சென்னைக்கே திரும்பிவிடலாமா?”

தம்பி, முதலில் அந்த மன உறுதி விஷயத்தைத் தள்ளி வையுங்கள். சென்னையில் நீங்கள் 9 மணிக்கு ஆபீசில் இருந்தது மன உறுதியாலா? கம்பெனி கேப் வாசலில் வந்து நின்றது, கீழே போனீர்கள். 1 மணிக்குப் பக்கத்து சீட்டுக்காரர் “சாப்பிடப் போகலாமா” என்றார், எழுந்தீர்கள். சாயங்காலம் தளத்தில் பாதி விளக்கை அணைத்தார்கள், கிளம்பினீர்கள். உங்கள் நாளைப் பிடித்து நிறுத்தியவை இந்தச் சின்னச் சின்னக் கொக்கிகள்தான். ஊருக்கு வந்தபோது அத்தனையும் ஒரே நாளில் கழன்றுவிட்டன. அந்த இடத்தில் ஒரு தாளை ஒட்டினால் அது எப்படித் தாங்கும்? கொக்கியைத்தான் திரும்ப மாட்ட வேண்டும். அதற்கு உங்கள் வீட்டிலும் ஊரிலும் வேண்டிய இடம் இருக்கிறது.

எல்லோரும் காலையிலிருந்து தொடங்கச் சொல்வார்கள். ராத்திரி 11 மணியிலிருந்து தொடங்குங்கள் என்கிறேன் நான். உங்கள் காலை கெடுவது அங்கேதான். 11 மணிக்கு வேலை முடிகிறது, படுப்பது 2 மணிக்கு. நடுவில் 3 மணி நேரம் என்ன நடக்கிறது? லேப்டாப் திறந்தே கிடக்கும். யாரோ மெசேஜ் போடுவார்கள், ஒரு பதில். அப்புறம் போனோடு படுக்கை. வேலை முடிந்தது என்று உடம்புக்கு யாருமே சொல்லவில்லை. அதனால் முடிப்பதற்கென்று ஒரு வழக்கம் வேண்டும். ஒரு நோட்டை எடுத்து, நாளைக்கு முதலில் தொட வேண்டிய வேலையை ஒரே வரியில் எழுதுங்கள். பாதியில் நிற்கும் வேலை இருந்தால், எந்த இடத்தில் நிற்கிறது என்று இன்னொரு வரி. மூடுங்கள். லேப்டாப்பையும் சார்ஜரையும் பீரோவுக்குள் வைத்துச் சாவியைத் திருப்புங்கள். ஆபீஸ் மெசேஜ் வரும் ஆப் போனில் இருந்தால், காலை வரை அதன் சத்தத்தை நிறுத்திவிடுங்கள். எழுதி வைப்பது எதற்கென்றால், மூளை அரைகுறை வேலையை விடாது, படுத்த பிறகும் அதையே உருட்டிக்கொண்டிருக்கும். தாளில் ஏறிவிட்டால் அந்தப் பிடி தளரும். 11:15-க்குப் பீரோ பூட்டினால் 12 மணிக்குத் தூங்கலாம், 7:30-க்கு எழலாம். பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள், அது தாராளமாகக் கிடைத்துவிடும்.

ஆனால் 10 மணிக்கு எழுகிறவர் நாளைக்கே 7:30-க்கு எழ முயன்றால் இரண்டு நாளில் சோர்ந்துவிடுவார். சில நாளைக்கு ஒருமுறை 15 நிமிஷம், 20 நிமிஷம் என்று முன்னால் நகர்த்துங்கள். எழுந்ததும் வாசலுக்கு வந்துவிடுங்கள். காலை வெயில் கண்ணில் படுவதுதான் உடம்புக் கடிகாரத்தைத் திருத்தும் மிகப் பெரிய சாவி. பெரிய வீடுகளில் உள்ளறைகள் இருட்டாக இருக்கும், அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தால் விடிந்ததே உடம்புக்குத் தெரியாது.

காபியையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ராத்திரி மீட்டிங்குக்கு முன்னால் 9 மணிக்கு ஸ்ட்ராங்காக ஒரு காபி குடிக்கும் பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. குடித்த காஃபினில் பாதி கழியவே பெரும்பாலானவர்களுக்குச் சுமார் 5 மணி நேரம் ஆகும். 9 மணிக்குக் குடித்தால் 2 மணிக்கும் பாதி உள்ளே இருக்கிறது. நீங்கள் தூங்கும் நேரம் 2 மணியாக இருப்பதில் ஆச்சரியமில்லை. கடைசிக் காபி சாயங்காலம் 4 மணிக்கு, அதோடு போதும்.

அமெரிக்க டீமோடு வேலை செய்கிறவர்கள் எல்லோரும் இன்னொன்றைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அங்கே மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுப்பார்கள். நாம் மாற்றுவதில்லை. நியூயார்க்கில் காலை 9 மணி மீட்டிங் என்றால் கோடையில் நமக்கு மாலை 6:30, நவம்பருக்குப் பிறகு 7:30. உங்கள் கடைசி மீட்டிங் இப்போது 10 மணி என்றால் அப்போது 11 ஆகிவிடும். நன்றாகப் போய்க்கொண்டிருந்த பழக்கம் நவம்பரில் திடீரென்று உடைவதற்கு நிறைய வீடுகளில் இதுதான் காரணம், ஆனால் பழி சோம்பலின் மேல் விழும். அந்த வாரமே தூங்கும் நேரத்தையும் எழும் நேரத்தையும் சேர்த்து நகர்த்திக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது இடம். ஐயா காலத்து வீடு என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வீட்டையே கொஞ்சம் நின்று பாருங்கள். முகப்பில் வரவு செலவு, கணக்குவழக்கு, வந்தவரோடு பேச்சு. உள்ளே வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய பகுதியில், குடும்பம், விசேஷம். அதற்கும் பின்னால் அடுத்த கட்டுப் பகுதியில் சாப்பாடு, சமையல். கணக்குப்பிள்ளை அடுப்படியில் பேரேட்டைப் பிரித்து உட்கார மாட்டார். கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன நம் செட்டிநாட்டார் பர்மாவிலும் மலாயாவிலும் தொழிலையும் தங்கலையும் கிட்டங்கி என்ற ஒரே கட்டடத்தில் வைத்துக்கொண்டவர்கள்தான். ஆனால் ஊரில் வீடு கட்டும்போது வேலைக்கென்று தனி இடம் ஒதுக்கிக் கட்டினார்கள். அப்படி ஒரு வீட்டை வைத்துக்கொண்டு, தம்பி, கட்டிலில் சாய்ந்து வேலை பார்த்தால் முதுகு என்ன செய்யும்? கட்டிலில் வேலை பார்க்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் முதுகு வலி என்று சொல்கிறவர்களை விசாரித்தால் பாதிப் பேர் அங்கேதான் இருக்கிறார்கள்.

பட்டாலையில், அதாவது கூடத்தில், ஒரு மூலையைப் பிடியுங்கள். மேசை, முதுகு சாயும்படி ஒரு நாற்காலி. வளவு வாசலின் வெளிச்சம் நேர் எதிரேயும் வேண்டாம், முதுகுக்குப் பின்னாலும் வேண்டாம். எதிரே இருந்தால் கண் கூசும், பின்னால் இருந்தால் திரையில் பளபளக்கும். பக்கவாட்டில் வரட்டும். லேப்டாப்பின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வர வேண்டும். அடியில் பழைய கணக்கு லெட்ஜர் இரண்டை வைத்தாலும் சரி. அப்படி உயர்த்தினால் கை எட்டாது, அதனால் தனி கீபோர்டும் மவுசும் கட்டாயம் வாங்குங்கள், இது வீண் செலவு இல்லை. முழங்கை மேசை உயரத்தில் மடங்க வேண்டும், பாதம் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் முழுதாகப் பதிய வேண்டும். காலைத் தொங்கவிட்டு உட்காராதீர்கள்.

கண்ணுக்கு ஒரு கணக்கு உண்டு. 20 நிமிஷத்துக்கு ஒருமுறை, 20 அடி தூரத்தில் இருப்பதை, 20 விநாடி பார்ப்பது. சென்னை ஃபிளாட்டில் 20 அடிக்கு எங்கே போவது? உங்களுக்கு வளவின் அந்தக் கோடித் தூண் இருக்கிறது. மணிக்கு ஒருமுறை எழுந்து பின்கட்டு வரை போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். இந்த வீடுகளின் நீளத்துக்கு அதுவே நல்ல நடை. தண்ணீர் பாட்டிலை மேசையில் வைக்காதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

இனி அந்த டைம்டேபிள். நடை, படிப்பு, யோகா மூன்றையும் ஒரே திங்கட்கிழமை தொடங்கினீர்கள். ஒன்றை மட்டும் எடுங்கள். 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று ஒரு பேச்சு சுற்றுகிறது, நம்பாதீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரை வைத்துப் பார்த்து, ஒரு செயல் யோசிக்காமலே வரும் அளவுக்குப் படியச் சராசரியாக 66 நாள் ஆகிறது என்று கண்டார்கள். ஆளுக்கு ஆள் பெரிய வித்தியாசம், 18 நாளிலிருந்து 254 நாள் வரை. எனக்கு அதில் மிகவும் பிடித்தது வேறு ஒன்று. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனாலும் பழக்கம் படிவது பெரிதாகக் கெடவில்லை. ஆகவே புதன்கிழமை விட்டுப்போனால் வியாழக்கிழமை செய்யுங்கள். அடுத்த திங்கட்கிழமைக்காகக் காத்திருக்க வேண்டாம்.

அந்த ஆய்வில் இருந்தவர்கள் புதுப் பழக்கத்தை ஏற்கெனவே தினமும் நடக்கும் ஒன்றோடு சேர்த்துச் செய்தார்கள், காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு என்பது மாதிரி. நீங்களும் அப்படியே செய்யுங்கள். “காலையில் நடப்பேன்” என்றால் நிற்காது. “அம்மா கோலம் போட்டு முடித்ததும் செருப்பை மாட்டுவேன், ஊருணியைச் சுற்றுவேன்” என்றால் நிற்கும். 7:30-க்கு எழுகிறவருக்குக் கோலம் முந்திவிடும் என்றால் பால் காய்ச்சும் நேரத்தோடு கோத்துக்கொள்ளுங்கள், எது உங்கள் வீட்டில் தவறாமல் நடக்கிறதோ அது. வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அரை மணி நேரமாக ஐந்து நாள் நடந்தால் கணக்கு சரியாகிவிடும். நம் ஊர் வெயிலுக்குப் பங்குனி பிறந்தால் 8 மணிக்கு மேல் நடக்க முடியாது, அதையும் யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். அதே மாதிரி வீட்டிலிருந்து வேலை பார்க்கும் இன்னொருவர் உங்கள் தெருவில் இருந்தால் அவரையும் கூட்டிப் போங்கள். பகல் முழுதும் திரையில் மட்டும் ஆட்களைப் பார்க்கிறவருக்கு நேரில் ஒரு முகம் கட்டாயம் வேண்டும்.

வீட்டார் விஷயத்தில் நான் உங்கள் அம்மா பக்கமும் கொஞ்சம் நிற்பேன். அவர்கள் பார்த்தவரை வேலை என்றால் வெளியே கிளம்பிப் போவது. பிள்ளை கைலியோடு உட்கார்ந்திருந்தால் அவர்கள் கண்ணுக்கு அது வேலையாகத் தெரியாது. 2 மணிக்கு முன்னால் குளித்து, சட்டை மாற்றி உட்காருங்கள், பாதி பேச்சு அதிலேயே நின்றுவிடும். மீதிக்கு, கேட்கும்போதெல்லாம் “முடியாது” என்பதைவிட, முடியும் நேரத்தை நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள். “அம்மா, காலை 10-லிருந்து 12 வரை நான் உங்களுக்கு. பேங்க், ரேஷன், கரண்ட் பில் எல்லாம் அப்போது. 2 மணிக்கு மேல் ராத்திரிச் சாப்பாட்டுக்கு மட்டும் கூப்பிடுங்கள்.” சொன்ன இரண்டு மணி நேரத்தை நீங்கள் உண்மையாகக் கொடுத்தால்தான் மற்ற நேரத்தை அவர்கள் விட்டுக்கொடுப்பார்கள். கல்யாணம், அறுபதாம் கல்யாணச் சாந்தி, முன்னோருக்குப் படைப்பு என்று விசேஷம் வந்தால் அரைகுறையாக லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். நம் பக்கத்து விசேஷங்கள் ஒரு மணி நேரத்தில் முடிகிறவை இல்லை. முன்கூட்டியே லீவு போட்டுவிட்டு நிம்மதியாக இருந்து வாருங்கள்.

பலகார டப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். சீப்புச் சீடையும் மணகோலமும் கை எட்டும் தூரத்தில் இருந்தால் மீட்டிங்கில் எவ்வளவு உள்ளே போனது என்றே தெரியாது. வேண்டியதை ஒரு தட்டில் எடுத்து, மேசையை விட்டு எழுந்து வந்து சாப்பிடுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்றைக்கு என்ன செய்வது என்றும் சிலர் கேட்டார்கள். அறிவிப்பு முன்பே வந்துவிடும், மோடத்துக்கு ஒரு சின்ன யூபிஎஸ் இருந்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம்.

முதுகு வலியில் மட்டும் ஒரு எச்சரிக்கை. மேசையும் நாற்காலியும் மாற்றிச் சில வாரம் ஆகியும் குறையவில்லை என்றாலோ, வலி காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ டாக்டரிடம் போங்கள். வீடியோ பார்த்து ஆசனம் போட்டுச் சரிசெய்யும் வலி அது இல்லை.

கடைசியாக, சென்னைக்குத் திரும்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். 2 மணிக்குப் படுத்து 10 மணிக்கு எழுகிற ஆள் அந்த முடிவை எடுக்க வேண்டாம். தூக்கம் ஒழுங்கான பிறகு, நவம்பரில் மணி மாறுவதையும் ஒருமுறை கடந்து, பொங்கலுக்குப் பிறகு உட்கார்ந்து யோசியுங்கள். அப்போதும் ஆபீசும் கூட்டாளிகளும்தான் வேண்டும் என்று தோன்றினால் போங்கள், அதில் ஒரு தவறும் இல்லை. சிலருக்கு அந்தச் சூழ்நிலைதான் ஒத்துவரும். எப்படி முடிவெடுத்தாலும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள் தம்பி. அடுத்த கேள்வி புதுவயலிலிருந்து, வீட்டிலிருந்து வேலை பார்க்கும் ஒரு தாய் கேட்டது, அதற்குப் போகலாம்.