அரிசி டிரம்மும் ஒரு டம்ளரும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். சின்னப் பிள்ளைகளுக்கு அறிவியலைச் சொல்லித் தருவது வகுப்பறைதான், மழையில் விட்டால் சளிதான் பிடிக்கும் என்றார் எதிரணித் தோழி. கைதட்டலும் வாங்கினார். சளியைத் தருவது வைரஸ், தாயே! நாற்பது பிள்ளைகள் நெருக்கியடித்து உட்காரும் வகுப்பறையை விட அதற்கு வசதியான இடம் ஏது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன ஐப்பசியில் எங்கள் மொட்டைமாடியில் என் ஆறு வயது மகள் ஒரு டம்ளரையும் காலி அரிசி டிரம்மையும் மழையில் வைத்தாள். இரண்டுமே அடி முதல் வாய் வரை ஒரே அகலம். "எதில் தண்ணீர் உயரமாக நிற்கும்?" என்றேன். "டிரம்மிலதான், அதானே பெருசு!" மழை விட்டதும் ஸ்கேலை விட்டுப் பார்த்தோம். இரண்டிலும் 2 சென்டிமீட்டர். "அப்பா, நீ ஏமாத்துற" என்று சண்டைக்கு வந்துவிட்டாள்.

மறுநாள் அவளே பக்கெட்டையும் சேர்த்து வைத்தாள். இப்போது பக்கெட்டில் மட்டும் மட்டம் கூடுதல்! உள்ளே தலையை விட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "மேல பெருசு, கீழ சின்னது. அதான்." நான் வாயே திறக்கவில்லை, நடுவர் அவர்களே. தப்பைத் திருத்தியது தண்ணீர்.

ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். எங்கள் மாடி 50 சதுர மீட்டர். முதல் நாள் பெய்த 20 மில்லிமீட்டருக்கு 1,000 லிட்டர். இந்தக் கணக்கு மட்டும் நான் போட்டது. "ஆயிரமா!" என்று கீழே ஓடியவள் நின்ற இடம், 2003-இல் தமிழ்நாடு முழுக்கக் கட்டாயமாக்கினார்களே, அந்த மழைநீர் சேகரிப்புக் குழி.

புத்தகத்தில் மழைத்துளிக்கு உச்சியில் கூர்முனை வரைகிறார்கள். உண்மையில் விழுகிற சின்னத் துளி உருண்டை. பெரிய துளி, அடி தட்டையான பன் மாதிரி. பாடம் யாருக்கு வேண்டும், சொல்லுங்கள்!

இடி கேட்டால் பிள்ளை உள்ளே வந்துவிட வேண்டும், சாக்கடை கலந்த தண்ணீரில் இறங்கவே கூடாது. இதில் தோழியோடு எனக்குச் சண்டையில்லை. உள்ளே வந்த பிள்ளையும் சும்மா இருக்க வேண்டாமே. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணட்டும்: மூன்று விநாடி போனால் மின்னல் 1 கிலோமீட்டர் தள்ளி.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். நன்றி, வணக்கம்.