உற்சவரின் முதுகுப்பக்கம்

நேயர்களுக்கு வணக்கம். நம்ம கோவை, ஈரோட்டுப் பக்கத்திலிருந்து சென்னைக்குப் போகிறவர்கள் கல்யாணத்துக்குத் தலைகாட்டுவார்கள், தி.நகரில் துணி எடுப்பார்கள், மெரினாவில் கால் நனைப்பார்கள். எழும்பூர் அருங்காட்சியகம் போனீர்களா என்றால், "ஒரு மணி நேரத்துல எல்லாம் பாத்தாச்சுங்க" என்பார்கள். அங்கேதான் எனக்கு வழக்கு.

1851இல் தொடங்கியது அது. பாந்தியன் சாலையில் ஒரே வளாகத்துக்குள் பல கட்டடங்கள். கன்னிமாரா நூலகமும் பக்கத்திலேயே. அமராவதியின் பௌத்தச் சிற்பங்கள், பழங்காசுகள், திமிங்கல எலும்புக்கூடு என்று எல்லாம் உண்டு. எல்லாவற்றையும் பார்க்கக் கிளம்பினால் கால்தான் வலிக்கும். நேராக வெண்கலச் சிலைகள் இருக்கும் கட்டடத்துக்குப் போய்விடுங்கள்.

கோயிலில் உற்சவரை, அதாவது வீதி உலா போகும் வெண்கலச் சிலையை, நாம் எப்படிப் பார்க்கிறோம்? பட்டு, மாலை, நகை. நடுவில் முகம் மட்டும். இங்கே அந்த அலங்காரம் எதுவும் இல்லை. வேட்டி மடிப்பும் பூணூலும் அரைஞாணும் உலோகத்திலேயே இருப்பது அப்போதுதான் தெரியும். பீடத்தில் துளையோ வளையமோ இருக்கும். வீதி உலாவில் சிலை அசையாமல் இருக்க, அதில்தான் கழியும் கயிறும் கோத்துக் கட்டுவார்கள். சுற்றிவர இடம் இருக்கும் சிலைகளின் பின்னால் போய் நில்லுங்கள்: தலைக்குப் பின்னே சின்னச் சக்கரம், தோளில் புரளும் முடிச்சுருள். அர்ச்சகரைத் தவிர யார் கண்ணிலும் படாத இடத்துக்கும் அந்தச் சிற்பி உழைப்பில் குறை வைக்கவில்லை. மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, சூட்டில் மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுகிற வேலை இது. மண் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும். அதே அச்சில் இன்னொன்று வார்க்க முடியாது.

திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரைத் தேடிப் பாருங்கள். 11ஆம் நூற்றாண்டுச் சோழர் வேலை. சிவன் பக்கம் இரண்டு கை, உமை பக்கம் ஒரே கை. நமக்கு இந்த உருவம் புதிதில்லை; திருச்செங்கோடு மலையேறியவர்களுக்கு மூலவரே மாதொருபாகன்தான். ஆனால் அங்கே கருவறை வாசலில் நின்று கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஆண் இடுப்பின் நேர்கோடு பெண் இடுப்பின் வளைவாக எந்த இடத்தில் மாறுகிறது என்று நிதானமாகப் பார்க்க எழும்பூரில்தான் வசதி. கும்பிடுவதும் பார்ப்பதும் வேறு வேறு வேலை. இரண்டும் வேண்டும் என்பது என் கட்சி.

நேரம் மிச்சம் இருந்தால் காசுகளையும் ஒரு நடை பாருங்கள். நொய்யல் கரை வெள்ளலூரில் 1842இல் ரோமானிய வெள்ளிக் காசுகள் குவியலாகக் கிடைத்தன, தெரியுமுங்களா? நம்ம ஊர் வழியாக நடந்த வியாபாரம் அப்படி.

அப்புறம், வியாழக்கிழமை ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸ் ஏறிவிடாதீர்கள். வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. நன்றி, வணக்கமுங்க.