19 அடி நீளப் படம்
(கேப்டன் லின்னேயஸ் ட்ரைப் நினைவாகத் தஞ்சாவூரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, நேரம் ஒதுக்கி வந்திருக்கும் நூலகத் துறை அதிகாரி அவர்களே, கல்வெட்டு என்றால் சோறு தண்ணீர் மறந்துவிடும் பேராசிரியப் பெருமக்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் கொடுத்த பெரியவர் அவர்களே, கடையை மாலையிலேயே சாத்திவிட்டு வந்திருக்கும் ஸ்டூடியோ உரிமையாளர்களே, பின்வரிசையில் நின்றுகொண்டிருக்கும் தம்பிமார்களே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடைக்குப் பதில் புத்தகம் தந்த அமைப்பாளர்களுக்குத் தனி வணக்கம். பெயர் விடுபட்டவர்கள் பொறுத்தருள வேண்டும்.

"சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம்" என்று ஒரு பழமொழி. இந்த ஊரில் அதற்குக் கூடுதல் பொருள் உண்டு. பெரிய கோயில் கருவறையைச் சுற்றி நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931-ல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தாரே, சுவர் நின்றதால்தானே கண்டுபிடித்தார்? போட்டோவுக்குச் சுவர் எது? நெகட்டிவ், அதாவது பிரதிகளை அச்சிட்டெடுக்கும் மூலப் படம். இதை இன்று நாலைந்து முறை சொல்லப் போகிறேன், சலித்துக்கொள்ளாதீர்கள்.

1858-ல் நம் பெரிய கோயிலைப் படம் எடுத்த வெள்ளைக்காரப் பட்டாளத்துக்காரர் ட்ரைப்பைப் பற்றி நான்கு விஷயம் பேசலாம் என்று குறித்து வைத்திருக்கிறேன்: பட்டாளம், படம், சர்க்கார், பவளம். ஆடு மாட்டின் இரைப்பைக்கு இங்கிலீஷில் ட்ரைப் என்றுதான் பெயர். நம் கறிக்கடையில் போட்டி. பெயரைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இப்போதே சிரித்துவிடலாம், இனி வேலை இருக்கிறது.

1822 ஏப்ரல் 14-ல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில், பன்னிரண்டு பிள்ளைகளில் ஒன்பதாவதாகப் பிறந்தவர். பதினாறு பதினேழு வயதில் கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளம். சென்னை மாகாணத்தின் 12-வது நேட்டிவ் இன்ஃபன்ட்ரி, அதாவது இந்தியச் சிப்பாய்களின் காலாட்படை. விடுப்பில் ஊருக்குப் போனபோது போட்டோ கற்றுக்கொண்டார், 1853-ல் லண்டன் போட்டோகிராபிக் சொசைட்டியில் சேர்ந்தார். திரும்பி வந்ததும் பெங்களூரிலிருந்து ஹளேபீடு, பேலூர் போய்ப் படம் எடுத்தார். 1855-ல் பர்மா மன்னர் மிண்டோனிடம் ஆங்கிலேய அதிகாரி ஆர்தர் ஃபேர் தூது போனபோது கூடவே போய், மழைக்காலத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட நெகட்டிவ் எடுத்தார். 1856-ல் சென்னை அரசாங்கத்தின் போட்டோகிராபர். சர்க்கார் சம்பளம் வாங்கிக்கொண்டு கோயிலையும் கோட்டையையும் படம் எடுக்க ஓர் ஆள்! இன்றைக்கு அப்படி ஒரு பதவி மாவட்டத்துக்கு ஒன்று வேண்டும் என்று மேடையிலிருக்கும் அதிகாரி அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அவர் சிரிக்கிறார். சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறோம்.

1857 டிசம்பரில் மாட்டுவண்டிகளில் சாமான் ஏற்றிப் புறப்பட்டார். ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை. மதுரையில் இடிந்து கிடந்த திருமலை நாயக்கர் மகாலை எடுத்தார். பழுதுபார்த்தது பிறகுதான், ஆகவே பழுதுபார்ப்பதற்கு முந்தைய மகால் வேண்டுமானால் அவர் படம்தான் கதி. விளக்குத்தூணையும் எடுத்தார். சென்னை மியூசியத்தில் கிடந்த அமராவதிச் சிற்பங்களை, லண்டனுக்குக் கப்பலேற்றுவதற்கு முந்தைய வருஷம் எடுத்தார்.

வண்டியில் என்ன போயிற்று? கேமரா, முக்காலி, பெட்டி பெட்டியாகக் காகிதம். கண்ணாடி இல்லை, காகித நெகட்டிவ். 1851-ல் பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே சொன்ன முறை. மெல்லிய, கெட்டியான காகிதத்தைச் சூடான தட்டில் வைத்து வெள்ளைத் தேன்மெழுகு ஊட்ட வேண்டும். மையொற்றும் தாள்களுக்கு நடுவே வைத்து இஸ்திரிப்பெட்டியால் தேய்த்து மிச்ச மெழுகை எடுக்க வேண்டும். மினுமினுப்பு தெரிந்தால் மெழுகு மிச்சமிருக்கிறது என்று அர்த்தம், மருந்து ஏறாது. அடுத்து அயோடைடு குளியல். அதற்கு லெ கிரே எதைக் கலந்தார் தெரியுமா? அரிசிக் கஞ்சித் தெளிவும் பால் சர்க்கரையும்! காய்ந்தபின் இருட்டறையில் சில்வர் நைட்ரேட்டும் அசெட்டிக் அமிலமும் கலந்த கரைசலில் சில நிமிடம். பிறகு வாலைநீரில், அதாவது காய்ச்சி வடித்த நீரில், கழுவல். இங்கே கிணற்று நீரைத் தொட்டால் கெட்டது குடி. உப்பு வெள்ளியோடு சேர்ந்து பால் மாதிரித் திரிந்துவிடும். காகிதத்தில் இரும்புத் துகள் இருந்தால் கறுப்புப் புள்ளி. குளிர் தேசத்தில் இரண்டு வாரம் தாங்கும் காகிதம் நம் வெயிலில் சீக்கிரம் மங்கிவிடும். படம் பிடிக்கப் பல நிமிடம். டெவலப் செய்யக் காலிக் அமிலத்தில் ஒரு மணி நேரமும் ஆகும், ராத்திரி முழுக்கவும் ஆகும், அமிலம் பழுப்பேறினால் படமும் கறைபடும். பிறகு மிச்ச வெள்ளி உப்பை நீக்க ஹைப்போக் கரைசல், கழுவல், சூடு காட்டி மெழுகை மறுபடி தெளியவைத்தல். இத்தனைக்குப் பிறகு கையில் ஒரே ஒரு நெகட்டிவ், சுமார் 12-க்கு 15 அங்குலம்.

டச்சிங் செய்யும் அண்ணன்மார்கள் இதைக் கேளுங்கள். அந்தக் கால மருந்துக்கு நீலம்தான் கண். வானம் நெகட்டிவில் ஒரேயடியாக ஏறி, அச்சில் வெறும் வெள்ளையாகும். பச்சை சரியாகப் பதியாது, மரமெல்லாம் கரிக்கட்டை. ட்ரைப் நெகட்டிவின் மேல் தூரிகையால் நிறம் பூசினார். பூசிய இடம் ஒளியை மறைப்பதால் அச்சில் வெளுக்கும். இலைகளுக்கு வெளிச்சம், வானத்துக்கு மேகம். ஏமாற்று வேலை என்பார் சிலர். நம் ஊரில் கல்யாணப் பெண்ணின் பருவை எடுக்காத ஸ்டூடியோ உண்டா?

இப்போது பெரிய கோயிலுக்கு வருவோம். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல அனுமதி வேண்டும்.

விமானத்தின் அடிப்பகுதியில் ராஜராஜன் வெட்டச் சொன்ன எழுத்து ஓடுகிறது. "நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்" என்று நீங்கள் மனப்பாடமாகச் சொல்வீர்கள். 1858-ல் அதைச் சொல்ல ஆள் இல்லை. இந்தக் கல்வெட்டுகளைப் படித்துப் பதிப்பித்த ஹுல்ஷ் கல்வெட்டு அதிகாரியாக வந்ததே 1886-ல். கோயிலைக் கட்டியவர் யார் என்பதிலேயே குழப்பம் இருந்த காலம். எழுத்து புரியாத ஒரு பட்டாளத்துக்காரர் அதை அப்படியே எடுத்துவிடுவது என்று முடிவு செய்கிறார்.

ஒரு படத்தில் அடங்காது. பின்னால் போனால் எழுத்து எறும்பாகும், முன்னால் போனால் நாலு முழச் சுவர்தான் விழும். ஆகவே துண்டு துண்டாக. முக்காலியைச் சுவருக்கு இணையாக நகர்த்த வேண்டும், தூரம் ஒரு சாண் கூடினாலும் அடுத்த துண்டில் எழுத்து சிறுத்து, வரி வரியோடு சேராது. உயரம் மாறக் கூடாது. கேமரா சாயக் கூடாது. ஒரு துண்டின் ஓரம் அடுத்த துண்டிலும் கொஞ்சம் விழ வேண்டும். வெட்டெழுத்து தெரிய வெயில் பக்கவாட்டில் விழ வேண்டும், நேராக அடித்தால் கல் தட்டையாகிவிடும். பக்கவாட்டு வெயிலோ கொஞ்ச நேரம்தான், அதற்குள் எத்தனை துண்டு முடியும்? ஒன்று கறுத்து இன்னொன்று வெளுத்தால் ஒட்டும்போது கட்டம் போட்ட லுங்கி மாதிரித் தெரியும். இத்தனையையும் சமாளித்து 21 படம். வெயிலில் நெகட்டிவையும் காகிதத்தையும் ஒட்டவைத்து அச்சிட்டு, ஓரம் வெட்டி, ஒன்றோடொன்று ஒட்டினார். நீளம் 19 அடி. கணக்குப் போட்டால் துண்டுக்கு 11 அங்குலத்துக்கும் குறைவு. ஒவ்வொரு பிரதிக்கும் அந்த 21-ஐயும் புதிதாக ஒட்டியாக வேண்டும். இன்று கைபேசியை இடமிருந்து வலம் ஆட்டினால் வந்துவிடுகிறது. ஆட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்தத் தஞ்சைப் படத்தொகுப்புக்குக் குறிப்பு எழுதியவர் யார் என்று நினைக்கிறீர்கள்? நம் ஜி.யு. போப்! கைதட்டல் போப்புக்கா ட்ரைப்புக்கா தெரியவில்லை, இருவருக்கும் சேரட்டும்.

மூன்றாவது விஷயம் சர்க்கார். 1859-ல் டிரெவெலியன் சென்னைக்குக் கவர்னராக வந்தார். 1857 கலகம் முடிந்து கஜானா காலி. இந்த நிதி நிலைமையில் போட்டோ ஓர் ஆடம்பரம் என்று நிறுத்தச் சொல்லிவிட்டார். 1860-ல் கடை மூடப்பட்டது, அதே வருஷம் டிரெவெலியனையும் லண்டன் திருப்பி அழைத்துக்கொண்டது, அது வேறு கதை. ட்ரைப் பட்டாளத்துக்கே திரும்பி 1873-ல் கர்னலாக ஓய்வு பெற்றார், 1875-ல் மேஜர் ஜெனரல் என்று கௌரவப் பட்டம். அதன்பிறகு பெரிய படவேலை எதுவும் இல்லை. 1902 மார்ச் 2-ல், எண்பதை எட்டச் சில வாரம் இருக்கும்போது, பிறந்த ஊரிலேயே காலமானார். ஆனால் அந்த மெழுகுக் காகிதங்களில் பல இன்றும் பிரிட்டனில் பத்திரமாக இருக்கின்றன. அதனால்தான் 2014, 2015-ல் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் மூன்று ஊரிலும் கண்காட்சி வைக்க முடிந்தது. சுவர் இருந்தது, சித்திரம் வந்தது.

நம் சுவர் எங்கே? நம் பழைய ஸ்டூடியோக்களின் கண்ணாடி நெகட்டிவான பிளேட்டை வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்டி, சாமி படத்துக்கு மாட்டிய கண்ணாடி எத்தனை? வெள்ளிக்காக எடைக்குப் போட்ட ஃபிலிம் எத்தனை? போனதைப் பேசி லாபமில்லை, மிச்சத்துக்கு வருகிறேன்.

பிளேட்டை அடுக்கிப் படுக்கவைக்காதீர்கள், மேல் எடையில் அடியிலுள்ளது விரிசல் விடும். நீளமான ஓரத்தில் நிறுத்திவையுங்கள். விளக்குக்குக் கீழே சாய்த்துப் பாருங்கள்: பளபளப்பது கண்ணாடிப் பக்கம், மங்கலாக இருப்பது மருந்துப் பக்கம். ஈரத்துணி கண்ணாடிப் பக்கத்துக்கு மட்டும், மருந்துப் பக்கத்தில் மென்தூரிகை தவிர எதுவும் படக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் அமிலமில்லாத காகிதத்தில் நாலு மடிப்பு உறை. உறைக்குள் போடும் முன்பே பென்சிலால் எண் எழுதுங்கள், பேனா மை கசியும். பிளாஸ்டிக் பை வேண்டாம், ஐப்பசி மழையில் உள்ளே வியர்த்து மருந்து ஒட்டிக்கொள்ளும். அந்துருண்டையும் வேண்டாம். ஸ்கேன் செய்தால் டிஃப் கோப்பாகச் செய்யுங்கள், ஜேபெக் வாட்ஸ்அப்புக்குப் போதும். மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு கட்டடத்தில். ஸ்கேன் முடிந்ததே என்று பிளேட்டை எறிந்தால் பழையபடி சுவரை இடித்த கதைதான்.

நூலகத்தில் ஓர் அறையும், ஓர் ஏசியும், இரண்டு இரும்பு அலமாரியும் தாருங்கள் என்று அதிகாரி அவர்களிடம் மனு கொடுத்திருக்கிறோம். ஸ்டூடியோக்காரர்கள் பிளேட்டை விற்க வேண்டாம், தானமும் தர வேண்டாம், பெயர் எழுதிக் காப்புக்கு வைத்தால் போதும்.

நேரமாகிவிட்டது என்று சீட்டு வந்துவிட்டது. ஓய்வுக்குப் பிறகு அவர் சேர்த்த பவளத்தையும் சிப்பியையும் பற்றிப் பேச முடியாமல் போகிறது. வாசலில் மேசைமேல் உறை மாதிரி வைத்திருக்கிறோம், மடிக்கிற விதம் அதிலேயே இருக்கிறது, ஆளுக்கொன்று எடுத்துப் போங்கள். நாளைக் காலை பீரோவில் ஃபிலிம் பெட்டியைத் திறந்ததும் காடி (வினிகர்) வாடை அடித்தால் ஃபிலிம் கெடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், அந்தப் பெட்டியை மட்டும் உடனே தனியே பிரித்து வையுங்கள், பக்கத்துப் பெட்டிக்கும் பரவும். அதை முதலில் ஸ்கேன் செய்ய வேண்டும். நன்றி, வணக்கம்.